அப்புறம்: நான்காம் பொருள்

"பதிமூணு" என்று அவள் முணுமுணுத்தாள்.

"பதினாலு" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே மூன்றே பேர். வெளியே மழை... குடையையும் மதிக்காத, ஆளையும் மதிக்காத மழை. பெஞ்சின் நடுவில் ஓர் அம்மாள், பச்சைக் குடையை மடக்கிக் காலடியில் சாய்த்துவிட்டு, அரைமணி நேரமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் ஒருவன். மடியில் சின்ன நோட்டு, விரலிடுக்கில் பேனா, சட்டைப் பையில் ஒரு டார்ச்.

"என்ன பதினாலு?" என்றாள்.

"நீங்க என்ன பதிமூணு?"

"பஸ் நம்பர்." வாய்க்கு வந்த பொய்.

"பதிமூணாம் நம்பர் இந்தப் பக்கமே வராதே."

"அதனாலதான் இவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே கண்ணுக்கு வந்துவிடுகிற முகம். மழைத்துளி ஒன்று இமையில் தொங்கிக்கொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை அவனுக்கு. அவளுக்குத் தோன்றியது. சீ, என்ன நினைப்பு இது என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பச்சைக் குடை அம்மாள் போனில், "அப்புறம்... அவ என்ன சொன்னா?" என்று இழுத்தார்.

இரண்டு பேனாக்கள் ஒரே சமயத்தில் ஒரு கோடு போட்டன.

அவள் அவன் நோட்டைப் பார்த்தாள். அவன் அவள் கையிலிருந்த பழைய கவரின் முதுகைப் பார்த்தான். இரண்டிலும் குச்சி குச்சியாகக் கோடுகள். ஐந்துக்கு ஒன்று குறுக்கே. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் போனில் எத்தனை முறை 'அப்புறம்' சொல்கிறார் என்று எண்ண வேண்டிய தலையெழுத்து இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருத்தி அவள். இன்னொருவன்...

"நீங்க... ஏணிப்படியா?"

அவன் பேனா கீழே விழுந்தது. "குண்டூசி?"

அம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பஸ்ஸும் வந்துவிட்டது. "இங்க ரெண்டு பைத்தியம் நிக்குது. வச்சிடு, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையோடு ஏறிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா?" அவள் கவரை ஆட்டினாள். "'அப்புறம்'னாங்க. பேச்சு முடிஞ்சது. இது என் கணக்கு."

"அதுக்கு முன்னாடி பதினஞ்சு தடவை சொன்னாங்களே, அப்ப ஏன் முடியல?"

"பதினாலு!"

"நனைஞ்ச காதுக்குப் பதினாலு. நல்ல காதுக்குப் பதினஞ்சு."

அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

* * *

நடந்தது இதுதான்.

எல்லாரும் சேர்ந்து எழுதுகிற அகராதி ஒன்று இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். முதல் வசதி சொர்க்கம். இரண்டாவது வசதியில்தான் பாதிப் பேர் மனநிம்மதியைத் தொலைத்தார்கள். அவளுக்கு அங்கே பெயர் 'குண்டூசி'. நான்கு வருடத்தில் ஆயிரத்து நூறு சொற்களுக்குப் பொருள் எழுதியிருக்கிறாள். அவளுடைய வேலை வேறு. தண்ணீர் சுத்தம் செய்யும் எந்திரம் விற்கிற ஒரு கம்பெனியின் புகார் எண்ணில் உட்கார்ந்து, நாளைக்குத் தொண்ணூறு போன். ஒரு போனுக்கு நான்கு நிமிடம். அதற்குள் கூப்பிட்ட ஆளைப் பேசி அனுப்பிவிட வேண்டும். பேச வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும். சொந்தமாக ஒரு வார்த்தை பேச அவளுக்கு இடம் கிடைத்தது அந்த அகராதியில்தான்.

அதில் 'அப்புறம்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தன. பின்பு. அந்தப் பக்கம். மேலும். ஒரு நாள் அவள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தாள்.

'மறுப்பை மரியாதையாகச் சொல்லும் சொல். (எ.கா.) அப்புறம் பார்க்கலாம்.'

மறுநாள் காலையில் அது காணாமல் போய், அதே இடத்தில் இது இருந்தது:

'பேச்சு நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லும் சொல். (எ.கா.) அப்புறம்...?'

கீழே 'ஏணிப்படி' என்று ஒரு பெயர். அவள் அழித்தாள். அவன் அழித்தான். நான்கு நாளில் பதினோரு முறை. மாற்றத்துக்குக் காரணம் எழுதுகிற கட்டத்தில், 'குண்டூசி குத்துமுன் யோசிக்கவும்' என்று அவன் எழுதினான். 'ஏணிப்படி தயவுசெய்து இறங்கவும்' என்று அவள் எழுதினாள். இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன என்று நடுவில் ஒரு நல்லவர் கேட்டார். 'ஒரே சொல் கதவைத் திறக்கவும் மூடவும் முடியாது' என்றாள். 'கதவு என்றாலே இரண்டுக்கும்தான்' என்றான். நல்லவர் அன்றோடு அகராதிப் பக்கமே வரவில்லை.

கடைசியில் நடுவர் வந்து பக்கத்தைப் பூட்டினார். நடுவரின் பெயர் 'மூக்குக்கண்ணாடி'. யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒருவருக்கும் தெரியாது. அவர் எழுதினார்:

'இருவருக்கும் இருபத்தொரு நாள் அவகாசம். உங்கள் கருத்து எனக்கு வேண்டாம். மக்கள் பேசியதைக் கேட்டுச் சான்று கொண்டுவாருங்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை எழுதாதீர்கள், அது அவர்கள் சொந்த விஷயம். அந்தச் சொல் வந்த பிறகு பேச்சு நின்றதா, தொடர்ந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். சச்சரவிலிருந்து விலகுகிறவர் ஏழு நாள் இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. மற்றவை வழக்கம்போல்.'

இந்த 'மற்றவை வழக்கம்போல்' என்பதை அவள் மூன்று முறை படித்தாள். புதிய நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும் மாதம் அது. பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. அந்த மாதத்தில் ஒரு சச்சரவில் தோற்றவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, அடுத்தவர் புகாரைக் கேட்டுவிட்டு 'பதிவு செய்துகொண்டோம், நன்றி' என்று சொல்லாமல், 'இதுதான் நியாயம்' என்று சொல்லப்போகிற நாற்காலி. அது ஒரு நான்காம் பொருளில் தொங்கிக்கொண்டிருந்தது.

* * *

மழை விடவில்லை. எதிரே ஒரு டீக்கடை இருந்தது. எதிரியோடு டீ குடிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. பழக்கம் ஏற்பட்டால் நடுவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அவள் மனதுக்குள் விதிமுறைகளை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"ஏணிப்படின்னு ஏன் பேர் வச்சீங்க?"

"நான் லிஃப்ட் மெக்கானிக்."

"லிஃப்ட் மெக்கானிக் வைக்கிற பேரா இது?"

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தவன் வேற என்ன பேர் வைப்பான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயை ஊதுவதுபோல் மறைத்தாள். அவன் பார்த்துவிட்டான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, சொல்லுங்க. 'அப்புறம்'னா மறுப்புன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"ஏழு இன்டர்வியூ போனேன். ஏழு இடத்துலயும் 'அப்புறம் கூப்பிடறோம்'னாங்க. இன்னி வரைக்கும் போனை சைலன்ட்ல கூடப் போடல நான். எவனாவது கூப்பிட்டானா?" என்றாள். "இப்ப அதையே நான் தொண்ணூறு பேருக்குச் சொல்றேன். 'அப்புறம் கூப்பிடறோம் சார்.' யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதுக்குப் பேரு மறுப்பு இல்லாம என்ன?"

அவன் டம்ளரை மேஜையில் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா, முதல்ல மெஷின் ரூமுக்கு ஒரு ஆள் ஓடணும். அதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அது வரைக்கும் நான் கதவுக்கு வெளிய நின்னு உள்ள இருக்கிறவங்களோட பேசணும். இருட்டு, பயம், மூச்சு வாங்கும். 'பயப்படாதீங்க'ன்னு சொன்னா இன்னும் பயப்படுவாங்க. அதனால எங்க போறீங்க, யார் வீட்டுக்குன்னு கேப்பேன். ஏதோ சொல்வாங்க. சொல்லி முடிச்சதும் ஒரு அமைதி வரும் பாருங்க... அதை விடக் கூடாது. விட்டா அழுதுடுவாங்க. அப்ப ஒரே ஒரு வார்த்தைதான். 'அப்புறம்?'னு கேப்பேன். மறுபடி பேச ஆரம்பிச்சிடுவாங்க." அவன் நிமிர்ந்தான். "அந்த வார்த்தைக்கு 'இல்லை'ன்னு நீங்க அர்த்தம் எழுதினா எனக்குக் கோபம் வருமா வராதா?"

நியாயமான கோபம். ஆனால் அதைச் சொல்லிவிட முடியுமா என்ன?

"அது பொருள் இல்ல. குரல்" என்றாள் பிடிவாதமாக. "நீங்க 'கத்தரிக்கா'ன்னு அன்பா கேட்டாலும் அவங்க பேசுவாங்க."

"அடுத்த தடவை கத்தரிக்கா சொல்லிப் பாக்கறேன். சான்று கொண்டுவரேன்."

போன் நம்பர்களை மாற்றிக்கொண்டார்கள். சான்றுகளை ஒப்பிடத்தான். வேறு எதற்கும் இல்லை என்று இருவருமே தேவைக்கு மேல் ஒரு முறை சொல்லிக்கொண்டார்கள்.

* * *

அடுத்த பத்து நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போனோடு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனாள். துணி எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

"இன்னிக்கு மூணாவது மாடியில ஒரு டாக்டர் மாட்டிக்கிட்டாரு. 'கத்தரிக்கா?'ன்னு கேட்டேன்."

"ஐயோ, நிஜமாவா! என்ன சொன்னாரு?"

"'எனக்கு அலர்ஜி'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டாரு. பேச்சு நின்னுடுச்சு. சான்று எழுதிக்கோ."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்கெல்லாம் தேதி போட்டு வைக்க அகராதியில் இடமில்லை.

கீழே அண்ணி சமையலறையில் இருப்பாள். குண்டூசி இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணன் மாதத்தில் பாதி நாள் வேலை விஷயமாக வெளியூர். ஆகவே வீட்டில் போலீஸ், கோர்ட், ரேடியோ மூன்றுமே அண்ணிதான்.

"என்ன நாத்தனாரே, துணி இன்னும் காயலையா?"

"கொஞ்சம் ஈரமா இருக்கு அண்ணி."

"பகல் முழுக்க வெயில் மண்டையைப் பொளந்துச்சு. உன் மூஞ்சியிலதான் ஈரமா இருக்கு. யாரு அது?"

"எதிரி."

"ஓஹோ! எதிரிகிட்டப் பேசறப்ப யாராவது கொடிக்கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்துவாங்களா?"

* * *

அவகாசத்தின் பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் அகராதிப் பக்கத்தைத் திறந்தாள். புதிய வரி ஒன்று இருந்தது.

'என் பொருளை விலக்கிக்கொள்கிறேன். குண்டூசி சொல்வதே சரி. - ஏணிப்படி.'

ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அவனிடம் இருபத்தாறு சான்றுகள் இருந்தன. அவளிடம் பத்தொன்பது. அவன் முந்திக்கொண்டிருந்தான்! முந்தின நாள் பேச்சுவாக்கில் அவள் அந்தப் பட்டியலைப் பற்றி, தோற்றால் பெயர் போய்விடும் என்பதைப் பற்றிச் சொல்லியிருந்தாள். சும்மா சொன்னாள். இவன்...

தேள் கொட்டியதுபோல் போனை எடுத்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"பாத்துட்டியா?" குரலில் பிறந்தநாள் பரிசு கொடுத்தவன் பெருமை. "நீ நடுவர் ஆகணும்ல. நாலாம் பொருள் எனக்கு எதுக்கு? லிஃப்டுக்குள்ள யாரும் அகராதி பாத்துட்டா பேசப் போறாங்க?"

"நான் உன்கிட்டக் கேட்டேனா?"

"கேக்கல... ஆனா..."

"எனக்கு ஜெயிக்கத் தெரியாதா? பிச்சை போடறியா? உனக்குத் தெரியும், நீ எழுதினது உண்மைன்னு. உண்மைன்னு தெரிஞ்சதை எனக்காக அழிக்கிற. நாளைக்கு வேற யாருக்காகவாவது என்னையும் இதே மாதிரி அழிச்சிடுவ!"

"ஏன் இப்படிப் பேசற... உனக்கு நல்லது பண்ணணும்னுதான்..."

"இனிமே எனக்குப் போன் பண்ணாத. பேசணும்னா பக்கத்துல எழுது. எல்லாரும் பாக்கற மாதிரி, காரணத்தோட எழுது!"

அந்தப் பக்கம் எங்கோ ஓர் இரும்புக் கதவு இழுபடும் சத்தம்.

"சரி" என்றான் மெதுவாக. "அப்புறம் பேசலாம்."

போன் துண்டிக்கப்பட்டது.

திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதனும் வியாழனும் வரவில்லை.

துணிகள் ஐந்தே நிமிடத்தில் கீழே வந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸில் ஒரு முதியவர் போன் செய்தார். மூன்றாவது முறையாக. "அப்புறம் கூப்பிடறோம் சார்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டு, "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அந்த 'சரிம்மா'வைக் கேட்டதும் அவள் சுவரிலிருந்து பார்வையை எடுத்தாள்.

அப்புறம் பேசலாம்.

மறுப்பை மரியாதையாகச் சொல்லும் சொல். எழுதியது யார்? அவளேதான். பத்தொன்பது சான்றோடு எழுதினாள். ஏழு இன்டர்வியூவை வைத்து எழுதினாள். அவள் எழுதியது சரி என்றால்... அவன் போய்விட்டான். அவன் எழுதியது சரி என்றால் மட்டும்தான் இன்னும் எங்கோ கதவுக்கு வெளியே நிற்கிறான்.

தோற்றுப்போக வேண்டும் என்று ஒருத்தி இவ்வளவு ஆசைப்பட்டதை அந்த ஆபீஸ் கண்டதில்லை. அடுத்த போனை எடுத்தாள். "சொல்லுங்க சார்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "என்னம்மா, உங்க வீட்லயும் மெஷின் ஓடலையா?" என்றார் அந்த ஆள்.

சாயங்காலம் அண்ணி எதுவும் கேட்கவில்லை. சுடச்சுட ஒரு டம்ளர் டீயை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எதிரி எங்க?"

"போயிட்டான் அண்ணி."

"போறேன்னு சொன்னானா?"

"'அப்புறம் பேசலாம்'னு சொன்னான்."

"அப்ப பேசுவான்ல?"

"அதுதான் அண்ணி சண்டையே!" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். கொஞ்ச நேரம்தான். அழுவதில் அவளுக்கு அனுபவம் போதாது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அண்ணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கப் பார்க்கக் கணினியைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அகராதியின் பேச்சுப் பக்கத்தில் இது இருந்தது:

'ஏணிப்படி விலகியதை நான் ஏற்கவில்லை. அவர் எழுதிய பொருளுக்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. சொன்னவர்: நான். கேட்டவர்: ஏணிப்படி. எங்கே: மொட்டை மாடி, போனில். பத்து நாள். சொல்வதற்கு என்னிடம் எதுவும் மிச்சம் இல்லாதபோதெல்லாம் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவன் வைத்துவிடக் கூடாதே என்று சொன்னேன். பேச்சு ஒரு முறைகூட நிற்கவில்லை. இந்தப் பழக்கத்தை நடுவரிடம் முன்பே சொல்லாதது என் தவறு. - குண்டூசி.'

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். 'அவர்' என்று தொடங்கி 'அவன்' என்று முடித்திருந்தாள். குண்டூசிக்கு இப்படி ஒரு பிழை வந்ததே இல்லை. திருத்தப் போனாள்... வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

மத்தியானத்துக்குள் மூக்குக்கண்ணாடியின் பதில் வந்தது. 'தன் வழக்கில் தானே சாட்சி சொல்வது செல்லாது. சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் கேட்டிருக்க வேண்டும்.'

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்றாம் நபருக்கு எங்கே போவது?

மாலையில் பக்கம் மறுபடி நகர்ந்தது. 'அண்ணி1' என்று ஒரு புத்தம் புதிய கணக்கு.

'வணக்கம். நான் இந்தச் சண்டையில் யாருக்கும் ஆள் இல்லை. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே மொட்டை மாடி. பேசியதை எழுதக் கூடாது என்று போட்டிருக்கிறீர்கள், எழுதவில்லை. எழுதினால் நன்றாகவும் இருக்காது. ஆறாம் தேதி அந்த வார்த்தை முப்பத்தோரு தடவை. எட்டாம் தேதி நாற்பது, அதற்கு மேல் எண்ணவில்லை, அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஒரு தடவைகூடப் பேச்சு நிற்கவில்லை. எடுக்கப் போன துணிதான் மழையில் இரண்டு முறை நனைந்தது. இப்போது நான்கு நாளாக இந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. அதையும் ஏதாவது பொருளில் சேர்த்துக்கொள்ளவும்.'

"அண்ணீ...!" என்று வீடே அதிரக் கத்தினாள்.

"கத்தாத. கடவுச்சொல் மறந்துடும்" என்றாள் அண்ணி.

சனிக்கிழமை காலை தீர்ப்பு வந்தது. நான்காம் பொருளாக அவளுடையதும் ஐந்தாம் பொருளாக அவனுடையதும் நிற்கும். இருவரும் பழக்கத்தை மறைத்ததால் ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது. அதே காரணத்தால் குண்டூசியின் பெயர் நடுவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. கீழே தனியாக ஒரு வரி: 'இது தீர்ப்பில் சேராது. எனக்கு இரண்டு பிள்ளைகள், தினமும் வீட்டிலும் இதே வேலைதான். எதிரிக்காகச் சாட்சி சொன்ன ஆளை இதுவரை பார்த்ததில்லை. அடுத்த வருடம் மறுபடி நில்லுங்கள். அண்ணி1 அவர்களுக்கு: பாலை முதலில் இறக்கவும்.'

நாற்காலி போய்விட்டது. வலிக்கும் என்று நினைத்துக் காத்திருந்தாள். வலித்தது. ஆனால் வேறு ஒரு வலிக்குப் பின்னால் வரிசையில் நின்றது. அவன் இன்னும் போன் செய்யவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டாள்.

* * *

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை எந்தக் கட்டடத்தில் அவனுக்கு வேலை என்று அவளுக்குத் தெரியும். முழுக்க டாக்டர்கள் இருக்கும் ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட் வாசலில் 'வேலை நடக்கிறது' என்று பலகை. படியேறினாள். நான்காம் மாடியில் லிஃப்ட் கதவு விரியத் திறந்து கிடந்தது. குறுக்கே ஒரு மஞ்சள் கம்பி. எட்டிப் பார்த்தாள். கீழே இருட்டு, எண்ணெய் வாசனை, தொங்குகிற கம்பிவடங்கள். லிஃப்டின் கூரைமேல் நின்று அவன் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவன் தலை அவள் முழங்காலுக்கு நேராக இருந்தது.

"ஏய்."

டார்ச் வெளிச்சம் திடுக்கென்று மேலே பாய்ந்து அவள் முகத்தில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"கண்ணு கூசுது. அணை" என்றாள். மண்டி போட்டு உட்கார்ந்தாள். "பக்கத்தைப் படிச்சியா?"

"எட்டு தடவை."

"எட்டு தடவை படிச்சவனுக்கு ஒரு தடவை போன் பண்ணத் தெரியாதா?"

"நீதான போன் பண்ணாதன்னு சொன்ன? பேசணும்னா பக்கத்துல எழுதுன்னு சொன்ன." அவன் குழம்பிப்போய்ப் பார்த்தான். "விலகினவன் ஏழு நாள் எழுதக் கூடாது. நாளைக்கு முடியும்னு இருந்தேன், காலையில தீர்ப்புல அதை ஒரு வருஷம் ஆக்கிட்டாங்க. எழுதி வச்சிருக்கேன். காரணத்தோட."

விதியை ஒப்பிக்கத் தெரிந்தவள் அவள். ஆயிரத்து நூறு சொல்லுக்குப் பொருள் எழுதியவள். அவள் கோபத்தில் கத்தியதை ஒருவன் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டு ஆறு நாளாக இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான்!

"கோவத்துல சொல்றதை அப்படியேவா எடுத்துக்குவ?"

"அகராதி எழுதறவ சொன்னா வேற எப்படி எடுத்துக்கறது?"

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கீழே எங்கிருந்தோ ஒரு குரல் குழாய்க்குள் வருவதுபோல் ஏறி வந்தது. "தம்பி! லிஃப்ட் எப்ப ஓடும்? எனக்கு மூட்டு வலி!"

"அரை மணி நேரம் ஆகும் சார்!" என்று அவன் கீழே குனிந்து கத்தினான். நிமிர்ந்தபோது முகத்தில் விளையாட்டு இல்லை. "நான் அதை அழிச்சிருக்கக் கூடாது" என்றான். "உனக்குக் குடுக்கறேன்னு நினைச்சேன். நான் விட்டுக் குடுத்தா நீ ஜெயிப்பன்னு நினைச்சதே தப்பு. நீ என்னோட முட்டி மோதி ஜெயிக்கிற ஆள். தோத்தாலும் சத்தமா தோக்கற ஆள். மன்னிச்சிடு."

"ம்."

"உன் நாற்காலி போச்சே..."

"அடுத்த வருஷம் நிக்கறேன். இப்ப அதைப் பேச நான் நாலு மாடி ஏறல." அவள் மஞ்சள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எழுதி வச்சிருக்கேன்னியே. என்ன எழுதின? சொல்லு."

"இப்பவா? இங்கயா?" அவன் மேலேயும் கீழேயும் பார்த்தான். "இது குழாய் மாதிரி. ஆறு மாடிக்கும் கேக்கும்."

"எல்லாரும் பாக்கற மாதிரி எழுதுன்னுதான சொன்னேன்? கேக்கட்டும்."

அவன் டார்ச்சைச் சட்டைப் பையில் போட்டான். கையைத் துடைக்கத் துணி தேடினான், கிடைக்கவில்லை. தொண்டையைச் செருமினான்.

"இந்த ஆறு நாளா யாரும் நான் எழுதினதை அழிக்கல" என்றான். "யாரும் தப்புன்னு சொல்லல. நிம்மதியா இருக்கணும் இல்ல? லீவு மாதிரி இருக்கணும். எனக்கு வேலை போன மாதிரி இருந்துச்சு. உன்னோட சண்டை போடாம எனக்குப் பொழுது விடியல. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த பஸ் ஸ்டாப்ல நீ பதிமூணாம் நம்பர்னு ஒரு பொய் சொன்னியே, அப்பவே..."

மூன்றாம் மாடியில் யாரோ கைதட்டினார்கள். ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு நர்ஸின் தலை எட்டிப் பார்த்தது. "தம்பி, நல்லா சொன்ன! ஆனா லிஃப்ட்?" என்றது மூட்டு வலிக் குரல்.

அவள் காது வரைக்கும் சிவந்துவிட்டாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கும்தான்" என்றாள். அது போதாது என்று அவளுக்கே பட்டது. நான்கு நிமிடத்தில் ஆளை அனுப்பிப் பழகிய வாய் அது. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மேல வா."

அவன் கம்பிவடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு காலை விளிம்பில் வைத்தான். அவள் மஞ்சள் கம்பிக்குக் கீழே கையை நீட்டினாள்.

"வேணாம்... கையெல்லாம் கிரீஸ்" என்று அவன் தயங்கினான்.

"குடு" என்றாள் அவள்.